அப்பா மேசையில் இருக்கிறார்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் மடிப்புக் கூடத்தில் கரண்ட் இல்லை. ஜன்னல் வெளிச்சத்தில்தான் மடித்தோம். பாராசூட் என்று எழுதினால் பெருமையாகத்தான் இருக்கும். ஆனால் எங்கள் கூடத்தில் எல்லாருக்கும் அது குடை. வானத்திலிருந்து குதிக்கிறவன் ஒருவன், அவன் முதுகில் கட்டிக்கொள்ளும் குடையை மடித்துக் கொடுக்கிறவன் இன்னொருவன். நான் இரண்டாவது ஆள். வீரத்தோடு எனக்குச் சம்பந்தம் குறைவு, இஸ்திரிக்காரன் அளவுக்குத்தான்.

பாதி மடிப்பில் கேப்டன் வந்து மேசைக் கோடியில் நின்றார். பேசவில்லை. அதுதான் இங்கே சட்டம். மடிக்கிறவனிடம் நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் அவன் முழுவதையும் உதறிப் பிரித்து முதலிலிருந்து மடிக்க வேண்டும். கவனம் எந்த இடத்தில் விட்டுப்போனது என்று அவனுக்கே தெரியாது அல்லவா? இந்த ராணுவத்தில் என்னை மாதிரி ஒருத்தன் ஒரு கேப்டனை நிற்க வைக்கக்கூடிய ஒரே இடம் இந்த மேசைதான். கொஞ்சம் மெதுவாகவே மடித்தேன்.

பையை மூடியதும் கேட்டார்: "ஜூன் கடைசியோட உன் காலம் முடியுது. இருக்கியா, போறியா?"

"யோசிச்சுச் சொல்றேன் சார்."

"ஏப்ரல் பத்துக்குள்ள சொல்லிடு. இருந்தா இன்னும் ரெண்டு வருஷம். கட்டாயம் ஒண்ணும் கிடையாது, நீயா விரும்பினாத்தான்."

நீயா விரும்பினாத்தான்! பதினெட்டு வருடமாக எழுந்திரு என்றால் எழுந்தேன், ஓடு என்றால் ஓடினேன், முடி வெட்டு என்றால் தலையை நீட்டினேன். நான் எதை விரும்புகிறேன் என்று ஒரு ஆள் கேட்டதில்லை. இப்போது திடீரென்று கேட்டால் எங்கே போய்த் தேடுவது?

மார்ச் 4, புதன்

தேடினேன். கிடைக்கவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டோடு பேசும் நாள். நான்தான் கூப்பிடுவேன். அங்கிருந்து கூப்பிடும் வழக்கமே கிடையாது. கூடத்துக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது, வாசல் அலமாரியில் வைத்துவிட்டுப் போக வேண்டும். கூடத்துச் சுவரில் ஒரு பழைய போன் இருக்கிறது. அதன் நம்பர் வீட்டில் உண்டு, ஆனால் உயிர் போகிற விஷயம் என்றால்தான். எனக்காக அது ஒரே ஒரு தடவை அடித்திருக்கிறது, மகள் பிறந்த அன்று. பக்கத்து மேசைக்காரன் மீசைதான் எடுத்தான். நான் மடித்து முடிக்கிறவரை ஊமை மாதிரி நின்றுவிட்டு அப்புறம்தான் சொன்னான். ஊரெல்லாம் தெரிந்த பிறகு, ஒரு குடை தாமதமாக அப்பாவானவன் நான்.

மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் தையல் மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம், "உங்க இஷ்டம்ங்க."

கல்யாணம் ஆனவனுக்குத்தான் தெரியும், இந்த 'உங்க இஷ்டம்' எத்தனை ஆழமான கிணறு என்று. போ என்றும் அர்த்தம், போய்த்தான் பாரேன் என்றும் அர்த்தம், எனக்கென்ன வந்தது என்றும் அர்த்தம். சில நாள் நிஜமாகவே 'உங்கள் இஷ்டம்' என்றும் அர்த்தம். எந்த நாள் எது என்று கண்டுபிடிக்க அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். போனில் முகம் எங்கே தெரிகிறது?

மார்ச் 14, சனி

மீசையும் நானும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். மீசைக்கு மீசை கிடையாது. சேர்ந்த புதிதில் ஒன்று வைத்திருந்தான், ஒரு குடையின் ஜிப்பில் மாட்டிக்கொண்டது, அன்றோடு எடுத்துவிட்டான். பெயர் மட்டும் நின்றுவிட்டது. அவன் 'இருக்கேன்' என்று எழுதிக் கொடுத்துவிட்டானாம்.

"எப்படிடா அவ்வளவு சீக்கிரம்?"

"வெளிய போனா நம்மள என்னன்னு சொல்லிக்கறது? துணி மடிக்கத் தெரியும்னா? என் பொண்டாட்டி நல்லா மடிப்பாளே."

சிரித்தோம். பிறகு சிரிப்பு வரவில்லை. நான் போகலாம் என்று நினைத்துக்கொண்டு காலையில் எழுகிறேன், மேசையில் குடைத்துணி வழுக்கி விரியும்போது இருக்கலாம் என்று தோன்றுகிறது. சாயங்காலம் பூட்ஸைக் கழற்றினால் மறுபடி போகலாம். ஆக, முடிவு என் தலையில் இல்லை, காலில் இருக்கிறது.

மார்ச் 27, வெள்ளி

லீவு. வீட்டுக்கு வந்தாயிற்று. மகள் என்னைவிட உயரமாகிவிட்டாள். "அப்பா, நீங்க குறைஞ்சுட்டீங்க" என்கிறாள்.

மார்ச் 28, சனி

வீட்டில் முன் அறைதான் மனைவியின் தையல் கடை. பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிறாள். போன லீவில் இரண்டாவது மெஷின் ஒன்று வாங்கி ஜன்னலோரம் போட்டிருந்தாள். "இது உங்களுக்குங்க, வந்தப்புறம்" என்று சொன்னாள். கிழிந்த குடையைத் தைப்பதும் என் வேலைதானே, மெஷின் எனக்குக் கைவந்தது.

இன்று பார்த்தால் என் மெஷினில் எதிர்வீட்டுப் பெண் உட்கார்ந்திருக்கிறது. கைக்குழந்தையைத் தூங்கப் போட்டுவிட்டு வந்து தைத்துக்கொடுக்குமாம்.

"சும்மா கிடந்துச்சுங்க, அதான்" என்றாள் இவள், என் முகத்தைப் பார்க்காமல்.

"ரொம்ப நல்லது" என்றேன். நல்லதுதான். நல்லதுதானே?

கட்டிலில் போய் உட்கார்ந்தேன். இந்த வீட்டில் எனக்கென்று இருக்கிற ஒரே ஆசனம் அதுதான் போலிருக்கிறது.

மார்ச் 29, ஞாயிறு

எதிர்வீட்டுப் பெண் இன்று வரவில்லை. மெஷினில் உட்கார்ந்தேன். போன லீவில் நான் தைத்த கால்சட்டை ஒன்று திரும்ப வந்திருந்தது. பையன் வளர்ந்துவிட்டான், கீழ் மடிப்பைப் பிரித்து இறக்கித் தரச் சொல்லி அம்மாக்காரி கொண்டுவந்திருக்கிறாள். இவள் பிரிக்கப் பார்த்திருக்கிறாள், முடியவில்லை. நான்தான் குடைப் பட்டைக்குப் போடுகிற மாதிரி கட்டம் போட்டு நடுவில் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டியிருந்தேனே. ஒரு ஆளின் எடையே தாங்குகிற தையல். ஆறு வயதுப் பையனின் முழங்காலுக்கு.

கத்திரிக்கோல், பிளேடு, கடைசியில் பல். எதற்கும் மசியவில்லை. துணிதான் கிழிந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"பிள்ளைங்க வளரும்ங்க. பிரிக்கிற மாதிரி தைக்கணும்."

எனக்கும் சிரிப்புதான். ஆனால் இப்போது இதை எழுதும்போது கொஞ்சம் குத்துகிறது. அவள் வேறு எதையாவது சொன்னாளா? இல்லை, கால்சட்டையைத்தான் சொன்னாள். ராணுவத்தில் இருந்தால் எல்லாமே சமிக்ஞையாகத் தெரியும்.

மார்ச் 31, செவ்வாய்

வீட்டில் ஒரு ஆணுக்கு என்ன வேலை என்று தெரியாமல் கொடியில் காய்ந்த போர்வைகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன். நடுவில் மகள் வந்து ஏதோ கேட்டாள். பதில் சொன்னேன். கை தானாகப் போர்வையை உதறிப் பிரித்து முதலிலிருந்து தொடங்கியது. இன்னொன்று கேட்டாள். மறுபடி உதறினேன். மூன்றாவது தடவை அவள் கேட்கவில்லை. போர்வையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நான் பேசினாலே எல்லாத்தையும் பிரிச்சுடறீங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பாதிச் சிரிப்பு.

ஏப்ரல் 2, வியாழன்

மச்சான் வந்தான், அவளுடைய தம்பி. குடோன் ஒன்றில் எனக்கு வேலை பார்த்து வைத்திருக்கிறானாம். காவல் மேற்பார்வை.

"யூனிஃபார்ம் அவங்களே குடுத்துடுவாங்க அத்தான். நாற்காலியும் உண்டு."

"நாற்காலியும் உண்டா? அப்ப பதவி உயர்வுதான்."

"விளையாடாதீங்க. எப்ப வர்றீங்கன்னு மட்டும் சொல்லுங்க, நான் அக்கா..."

அவள் அடுப்படியிலிருந்து எட்டி ஒரு முறை முறைத்தாள். மச்சான் வாயில் பூட்டுப் போட்டுக்கொண்டான். அப்புறம் கிரிக்கெட் பேசினான், சூடு பேசினான், பஸ் கட்டணம் பேசினான். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

எதற்கு முறைத்தாள்? நான் வருவது பிடிக்காமலா?

ஏப்ரல் 5, ஞாயிறு

கிளம்பிவிட்டேன். இத்தனை நாளில் வீட்டில் ஒருவரும் 'வாங்க' என்றும் சொல்லவில்லை, 'இருங்க' என்றும் சொல்லவில்லை. பஸ் நிலையம் வரை இரண்டு பேரும் வந்தார்கள். பஸ் நகரும்போது மகள் ஜன்னல் பக்கம் ஓடிவந்து வாயைத் திறந்தாள். அவள் அம்மா பின்னாலிருந்து ஜடையைப் பிடித்து இழுத்தாள். மூடிக்கொண்டாள்.

வழி முழுக்க அதே யோசனை. வருடத்துக்கு இரண்டு தடவை வருகிற விருந்தாளி நான். வந்தால் நல்ல தட்டு எடுத்து வைக்கிறார்கள். விருந்தாளி பெட்டியோடு வந்து இனிமேல் இங்கேதான் என்றால் எந்த வீட்டில்தான் முகம் மலரும்? அவர்கள் கெட்டவர்கள் இல்லை. பழகிவிட்டார்கள். என் மெஷினில் ஆள் போட்டாயிற்று. தம்பி பேச்சை எடுத்தால் முறைப்பு. இதற்குமேல் எப்படிச் சொல்வது? வாயால் சொன்னால் மனசு நோகும் என்று செய்கையில் சொல்கிறார்கள்.

அப்படித்தானே?

ஏப்ரல் 7, செவ்வாய்

கையெழுத்துப் போட்டேன். இரண்டு வருடம். நானாக விரும்பி.

ஏப்ரல் 8, புதன்

கையெழுத்துப் போட்டால் குழப்பம் தீரும் என்று யார் சொன்னது? நேற்றுவரை இருப்பதா போவதா என்று ஒரே குழப்பம்தான். இப்போது, நான் நிஜமாகவே விரும்பினேனா, வீட்டின்மேல் கோபித்துக்கொண்டு செய்தேனா, குடோன் நாற்காலிக்குப் பயந்தா என்று மூன்றாகிவிட்டது. குட்டி போட்டிருக்கிறது.

கேப்டன் கை கொடுத்தார். "சந்தோஷம். டாக்டர் பரிசோதனை ஒண்ணு, குதி ஒண்ணு. ரெண்டும் முடிஞ்சா பேப்பர் மேல போயிடும்." குதியா? மறந்தே போயிருந்தேன். மடிக்கிறவனும் அவ்வப்போது குதிக்க வேண்டும், தான் மடித்த குடையோடு. எது என்று அவன் தேர்ந்தெடுக்க முடியாது. அவன் அலமாரியிலிருந்து கேப்டன் கையை விட்டு ஒன்றை உருவுவார். எல்லாவற்றையும் ஒழுங்காக மடிக்க வைக்க இதைவிட நல்ல தந்திரம் கிடையாது.

ஏப்ரல் 12, ஞாயிறு

போனில் சொன்னேன். "நீட்டிச்சுக் குடுத்துட்டேன். ரெண்டு வருஷம்."

மெஷின் சத்தம் நின்றது.

"சரிங்க" என்றாள்.

அவ்வளவுதான். சந்தோஷமா என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. கேட்டு, ஆமாம் என்றுவிட்டால்?

ஏப்ரல் 16, வியாழன்

டாக்டர் வயிற்றைத் தட்டிப் பார்த்தார். "இது எப்ப சேர்ந்தது?"

"நான் சேர்ந்து கொஞ்ச வருஷம் கழிச்சு சார்."

"இதுக்கும் ரெண்டு வருஷம் நீட்டிப்பு குடுக்கணுமா?"

தேறிவிட்டேன். முழங்காலைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் காட்டிக்கொள்ளவில்லை.

ஏப்ரல் 22, புதன்

குதித்தேன். குதித்தேன் என்று எழுதுவது ஒரு மரியாதைக்கு. வாசலில் நின்றேன், பின்னாலிருந்து ஒரு கை பட்டது. என் முதுகில் இருந்தது நான் மடித்ததுதான், ஆனால் என்றைக்கு மடித்தது? உங்க இஷ்டம் என்று அவள் சொன்னதற்கு மறுநாளா? அன்று என் கை மட்டும்தான் மேசையில் இருந்தது. விழுந்துகொண்டே இதையெல்லாம் யோசிக்கிறவன் உலகத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

விரிந்தது. என் கை என்னைவிடத் தெளிவானது.

அப்புறம் ஒரே அமைதி. மேலிருந்து பார்த்தால் ரோடு, கட்டடம், வயல் எல்லாமே யாரோ ஒழுங்காக மடித்து அடுக்கிய மாதிரி இருக்கிறது. இறங்க இறங்கத்தான் கசங்கல் தெரிகிறது. ஒரு சேற்றுக் குட்டையில் உட்கார்ந்த வாக்கில் இறங்கினேன். உயிரோடு இருக்கிறேன் என்று யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் தாங்க முடியாமல் வந்தது. போனுக்காகக் கை பாக்கெட்டுக்குப் போனது. புதன்கிழமை. நாங்கள் ஞாயிறுதானே பேசுவோம்.

மீசையிடம் சொன்னேன். "தெரியுதுடா, நடந்துதானே வர்ற" என்றான்.

ஏப்ரல் 26, ஞாயிறு

எழுதவே கை ஓடவில்லை. ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

குதித்த கதையை வேடிக்கையாகத்தான் சொன்னேன், சேறு, பின்புறம் எல்லாம். அவள் சிரிக்கவில்லை. போன் கை மாறியது. மகள்.

"அப்பா, நாலு நாள் கழிச்சு சொல்றீங்க. உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா அதையும் ஞாயித்துக்கிழமைதான் சொல்லியிருப்பீங்களா?"

"என்னம்மா இப்படி..."

"கையெழுத்தும் போட்டுட்டுத்தான் சொன்னீங்க."

"நீங்க யாரும் ஒண்ணுமே சொல்லலையேம்மா. உங்கம்மா உங்க இஷ்டம்னுட்டா. வாங்கன்னு ஒரு வார்த்தை யாராவது சொன்னீங்களா?"

"எப்படிப்பா சொல்றது? நீங்க மேசையில இருந்தீங்களே!"

எனக்குப் புரியவில்லை. அவள் அழுதுகொண்டே கடகடவென்று கொட்டினாள். சின்ன வயசிலிருந்து அவள் என்னைக் கேட்டு அழும்போதெல்லாம் வீட்டில் சொல்லும் பதில் இதுதானாம்: அப்பா மேசையில் இருக்கிறார், கூப்பிடக் கூடாது. நான் முடிவெடுக்கிற நேரத்தில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று அவள் அம்மா உத்தரவு போட்டிருக்கிறாள். நடுவில் பேசினால் எல்லாம் கலைந்துவிடும், அவரே மடித்து முடிக்கட்டும் என்று. மச்சானை முறைத்தது அதற்கு. பஸ் நிலையத்தில் ஜடையை இழுத்ததும் அதற்கு. எதிர்வீட்டுப் பெண்ணை உட்கார வைத்ததும் அதற்குத்தான், மெஷின் காலியாகக் கிடப்பதைப் பார்த்து நான் மனசு மாறிவிடக் கூடாதாம்.

என் சட்டம்தான். நான்தான் பெருமையாகச் சொல்லிச் சொல்லி வளர்த்தேன். கூடத்தில் கேப்டன் நின்றார். அங்கே, என் வீட்டில், என் பொண்டாட்டியும் மகளும் மேசைக் கோடியில் நின்றிருக்கிறார்கள். நான் நிமிர்ந்தே பார்க்கவில்லை. நான் பாட்டுக்கு — சே, என்ன ஆளுடா நீ.

ஏப்ரல் 27, திங்கள்

கேப்டனிடம் போனேன். "சார், போட்ட கையெழுத்தைத் திரும்ப எடுக்க முடியுமா?"

"ஏன், போகணுமா?"

"தெரியல சார்."

"அப்ப இருக்கணுமா?"

"அதுவும் தெரியல சார்."

சிக்கலான கயிற்றைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். "பேப்பர் மேல போயிடுச்சு. குடையா இருந்தா உதறிப் பிரிச்சிருக்கலாம். இது அரசாங்கம்." பிறகு, கதவு வரை வந்து, "வீட்ல ஏதாவது பிரச்சனையா?" என்றார்.

"பிரச்சனை அங்க இல்ல சார்" என்றேன்.

மே 1, வெள்ளி

இரண்டு வருடம் இருந்தே ஆக வேண்டும். அது தீர்ந்த விஷயம். தீராத விஷயத்தை ஞாயிற்றுக்கிழமை கேட்க வேண்டும்.

மே 3, ஞாயிறு

கேட்டேன். "உண்மையைச் சொல்லு. நான் வரணும்னு நினைச்சியா, இருக்கணும்னு நினைச்சியா?"

"இப்பவா கேக்குறீங்க?"

"இப்பதான் கேக்கத் தெரிஞ்சுது."

மெஷினை நிறுத்தினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"தெரியலங்க. வந்தா நல்லாயிருக்கும்னு ஒரு நாள் தோணும். வந்துட்டா எப்படி இருக்கும்னு மறுநாள் பயமா இருக்கும். தினமும் நீங்க வீட்ல இருந்து நான் பாத்ததே இல்லையே. கேட்டிருந்தா வாங்கன்னு சொல்லியிருப்பேனா இருங்கன்னு சொல்லியிருப்பேனான்னு எனக்கே தெரியாது. ஆனா கேட்டிருக்கலாம்."

அவளுக்கும் தெரியாது! இத்தனை நாள் அவள் மனசில் தெளிவான ஒரு பதில் இருக்கிறது, என்னிடம்தான் மறைக்கிறாள் என்று நினைத்திருந்தேன். இரண்டு பேரும் ஒரே குட்டையில்தான் உட்கார்ந்திருக்கிறோம். எனக்கு எதனாலோ பெரிய நிம்மதியாக இருந்தது.

"ஞாயித்துக்கிழமைன்னு இல்ல, எப்ப வேணா கூப்பிடு" என்றேன். "கூடத்து போனுக்கே கூப்பிடு."

"மேசையில இருந்தீங்கன்னா?"

"பிரிச்சுட்டு மறுபடி மடிப்பேன். வேற என்ன வேலை எனக்கு?"

"உங்க இஷ்டம்" என்றாள். இந்தத் தடவை முகம் தெரிந்தது.

மே 13, புதன்

கூடத்தில் எல்லாரும் மும்முரமாக இருந்த நேரம். என் குடை பாதியில் இருந்தது, கயிறுகளைச் சீராக்கிப் பட்டையைப் பிடித்திருக்கிறேன். சுவர் போன் அடித்தது. மீசை எடுத்தான். முகம் வெளிறிவிட்டது. என்னைப் பார்த்தான், என் கையைப் பார்த்தான், வாயை மூடிக்கொண்டு நின்றான். பதினைந்து வருடத்துக்கு முன்னால் நின்ற மாதிரியே.

"எனக்கா?"

தலையை ஆட்டினான்.

கையை விட்டேன். குடைத்துணி மேசையிலிருந்து வழுக்கித் தரைக்குப் போனது. கூடமே நிமிர்ந்து பார்த்தது. பாதியில் மேசையை விட்டு நான் நகர்ந்து இங்கே யாரும் பார்த்ததில்லை. கேப்டன் தன் அறையிலிருந்து எழுந்து வந்துவிட்டார்.

"என்னங்க, மெஷினுக்கு எண்ணெய் போடணும். அந்தச் சின்ன ஸ்க்ரூட்ரைவரை எங்க வெச்சீங்க?"

"ஜன்னலோரம் மெஷின் டிராயர்ல பாரு. இடது பக்கம்."

"அதுல இல்லையே." டிராயர் இழுபடும் சத்தம். "ஆங், இருக்கு. மேசையில இருந்தீங்களா?"

"ஆமா."

"பிரிச்சுட்டீங்களா?"

"பிரிச்சுட்டேன்."

டிராயரை மூடும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி, வெக்கிறேன்" என்றாள். குரலில் சிரிப்பு இருந்தது.

திரும்பினால் எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். கேப்டன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "யாருக்கு என்னப்பா ஆச்சு?" என்றார்.

"ஸ்க்ரூட்ரைவரைக் காணோம்னாங்க சார். கிடைச்சுடுச்சு."

தரையில் கிடந்த துணியின் மறுமுனையை மீசை எடுத்துக் கொடுத்தான். உதறி விரித்து, முதலிலிருந்து மடித்தேன்.